வேல்ராசுக்குப் பதிலாக நான்

கொஞ்சம் சன்னல் பக்கம் நகந்துக்கோங்க தம்பி. இந்தப் பைய மட்டும் கால் பக்கத்துல வச்சுக்கிடுதேன். உள்ள பனியன்தான். நசுங்கினா ஒண்ணும் ஆகாது.

சோலையூரணிக்கா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். சொந்த ஊர் இல்ல. சொந்த ஊர் பனங்குறிச்சி, பேரு கோமதிநாயகம், பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஜெராக்ஸ் கடை. ஆனா போன தை மாசத்துல இருந்து நான் சோலையூரணி ஆளு. கபடியில. என்னைய அங்க மாத்திட்டாங்க.

சிரிக்காதீங்க. ஆட்டக்காரனான்னு கேக்கீங்க, இந்த வயித்த வச்சுக்கிட்டு நான் எங்க ஆட? நான் ரசிகன். ரசிகனை மாத்துவாங்களான்னா, மாத்தினாங்களே. வேல்ராசு தெரியுமா, வேல்ராசு? இடது பக்கமா பாடிப் போறவன், இந்தத் தாலுகாவுல அவனை மாதிரி ரைடர் கிடையாது. அவன் பனங்குறிச்சிக்கு வந்தான், அவனுக்குப் பதிலா நான் சோலையூரணிக்குப் போனேன். ஒண்ணுக்கு ஒண்ணு. யோசிச்சுப் பாருங்க, ஒரு ரைடருக்கு ஈடா ஒரு ரசிகன். எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?

முதல்ல இருந்து சொன்னாத்தான் விளங்கும்.

எங்க டீம் பேரு செங்கழுகு கபடிக் குழு. ஏழு வருசமா ஒரு ஆட்டம் விடாம போயிருக்கேன். சும்மா போய் உக்காந்து கைதட்டுற ஆள் இல்ல நான். கோட்டுக்கு ஓரமா நின்னு சொல்லிக் குடுப்பேன். எவன் எங்க நிக்கணும், எப்பப் பிடிக்கணும், எப்பத் திரும்பணும், எல்லாம் என் வாயில இருந்துதான் வரும். மைக்கே வேண்டாம். நம்ம குரல் அப்படி.

போன வருசம் சித்திரை ஃபைனல்ல தோத்துட்டோம். ஒரே ஒரு பாயின்ட்டு. எங்க பக்கம் கார்னர்ல நிக்கிறவன் இசக்கி, நல்ல பிள்ளை, கணுக்காலைப் பிடிச்சான்னா முதலை பிடிச்ச மாதிரி. கடைசி ரைடு. எதிர்ப் பக்கத்துக்காரன் பாடி வாரான். நான் பாத்தேன், இசக்கி கோட்டை ஒட்டி நிக்கான், கால் வெளியே போயிரும். "இசக்கி, பின்னால பாரு!"ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். அவன் பின்னால பாத்தான். சுத்தமாத் திரும்பிப் பாத்தான். அந்த நேரத்துல வந்தவன் முதுகுல ஒரு தட்டு தட்டிட்டுப் போயிட்டான்.

நான் சொன்னது கோட்டைப் பாத்துக்கோன்னு. அவன் தலையைத் திருப்பினா நான் என்ன செய்ய? ஆனா ஒண்ணு தம்பி, சொன்ன உடனே கேட்டான் பாருங்க. அந்தக் கீழ்ப்படிதலை நான் இன்னைக்கும் மெச்சுவேன்.

அதுக்கு முன்னால செமி ஃபைனல்ல என்னைய ஆட்டம் பாக்கவே விடல. ஜெபசிங்னு எங்க கேப்டன், தபால் ஆபீஸ்ல இருக்கான், அவன் வந்து, "அண்ணாச்சி, பைக்கெல்லாம் வெளிய நிக்குது. உங்களைத் தவிர யாரையும் நம்ப முடியாது. நீங்க அங்க நின்னாத்தான் நாங்க நிம்மதியா ஆடுவோம்"ன்னு கையைப் பிடிச்சுக் கேட்டான். நின்னேன். பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. பைக்கைப் பத்தின கவலை இல்லாம ஆடினா ஆட்டமே வேற.

சரி. ஆட்டம் முடிஞ்சு, ஆடி போய், ஐப்பசி வந்து மழை பிடிச்சிருச்சு. மழைக்காலத்துல கபடி கிடையாது. ஆனா எங்க கடையில அப்பத்தான் ஆட்டமே ஆரம்பிக்கும். அடுத்த வருசத்துக்கு யாரை எடுக்கலாம், யாரை விடலாம்? தினமும் சாயங்காலம் வெல்டிங் பட்டறை தர்மக்கண் வந்துருவான். அவனும் நானும்தான். மத்தவன்லாம் மழைக்கு ஒதுங்கினவன்.

தர்மக்கண் சொல்லுவான், "இசக்கியக் குடுத்துட்டு வேல்ராச எடுவே."

நான் சொல்லுவேன், "இசக்கியக் குடுத்தா இடது கார்னருக்கு யாரு, உங்க அப்பனா?"

"எங்க அப்பன் ஏன் வாராரு? வலது கார்னர இடதுக்கு மாத்து. நடுவுல நிக்கிறவன வலதுக்கு மாத்து."

"அப்ப நடுவுல?"

"நடுவுக்கு ஆள் வாங்கு."

"எவனைக் குடுத்து வாங்க?"

"ஜெபசிங்கக் குடு."

கேப்டனையே குடுத்துட்டான்! இப்படி ஒரு கார்த்திகை மாசத்துக்குள்ள எங்க டீமுல ஏழு பேரையும் வித்து, வேற ஏழு பேரை வாங்கி, அதுல நாலு பேரைத் திருப்பி அனுப்பிட்டோம். ஆட்டக்காரப் பயலுவ ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வருவானுவ. "அண்ணாச்சி, இன்னைக்கு நான் எந்த ஊருல இருக்கேன்?"ன்னு கேட்டுட்டுப் போவானுவ. மரியாதைதான்.

ஒருநாள் இசக்கியோட அம்மா வந்துட்டா. மழையில நனைஞ்சுக்கிட்டே வந்து நிக்கா. "எம் புள்ளைய விக்கதுக்கு நீ யாருய்யா?"

என்னன்னு விசாரிச்சா, இசக்கிக்குப் பொண்ணு பாத்திருக்காங்க. கழுகுமலைப் பக்கம். பேச்செல்லாம் முடிஞ்சு கை நனைக்கிற நேரத்துல பொண்ணோட அப்பாவுக்கு யாரோ சொல்லியிருக்கான், மாப்பிள்ளைய சோலையூரணிக்கு மாத்தியாச்சுன்னு. அந்த மனுசன் என்ன கேட்டிருக்காரு தெரியுமா? "பனங்குறிச்சியில தண்ணி நல்லா இருக்குன்னுதான பொண்ணு குடுக்கேன்? சோலையூரணித் தண்ணி சப்புன்னு இருக்குமே!"

நான் அந்தம்மாகிட்ட பொறுமையா எடுத்துச் சொன்னேன். "தாயி, இது விக்கிறது இல்ல. பரிமாற்றம். உங்க பையனுக்கு ஈடா வேல்ராசு வாரான். உங்க பையன் மதிப்பு கூடியிருக்குன்னு அர்த்தம்."

"அப்ப வேல்ராச அந்தப் பொண்ணுக்குக் கட்டி வைப்பியா?"ன்னு கேட்டா. அவனுக்குத்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சே, எப்படிக் கட்டி வைக்க? அந்தம்மாவுக்கு விசயமே விளங்கல.

இப்படியே பேசிக்கிட்டே இருந்தா ஆகுமான்னு ஒருநாள் தோணுச்சு. கம்ப்யூட்டர் இருக்கு, பிரிண்டர் இருக்கு. உக்காந்து ஒரு கடிதம் அடிச்சேன். மேல பெரிசா, 'செங்கழுகு கபடிக் குழு ரசிகர் மன்றம், ஆள் மாற்றப் பிரிவு'. பொருள்: வேல்ராசு தொடர்பாக. 'ஐயா, தங்கள் வேல்ராசு எங்களுக்குத் தேவைப்படுகிறார். எங்கள் இசக்கியைப் பெற்றுக்கொண்டு ஒப்புகை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.' கீழ தலைவர்னு நான் கையெழுத்துப் போட்டேன், செயலாளர்னு தர்மக்கண் போட்டான். சோலையூரணி டீமைப் பாத்துக்கிடுறவர் சங்கிலி வாத்தியார், ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குப் பதிவுத் தபால்ல அனுப்பினேன். அதை எங்க ஊர் தபால் ஆபீஸ்ல முத்திரை குத்தி அனுப்பினதே ஜெபசிங்தான். கவர்ல பேரைப் பாத்துட்டு ரொம்ப நேரம் கையில வச்சிருந்தானாம்.

அவன் மறுநாள் கடைக்கு வந்தான். கோபமே படல. "அண்ணாச்சி, பேச்சுவார்த்தைக்கு நானும் வாரேன்"ன்னான். நான் நெகிழ்ந்து போயிட்டேன் தம்பி. ஏழு வருசத்துல அவன் என்கூட ஒரு இடத்துக்கு வாரேன்னு சொன்னது அன்னைக்குத்தான்.

தை பிறந்ததும் போனோம். ரெண்டு ஊருக்கும் நடுவுல ரயில்வே கேட்டு இருக்குல்லா, அங்க ஒரு கரும்பு ஜூஸ் கடை. வாத்தியார் வெள்ளை வேட்டியோட உக்காந்திருக்காரு. நான் வேல்ராசோட ஆட்டத்தைப் பத்தி ஆரம்பிச்சேன். அவன் போனஸ் கோட்டை மிதிக்கிறப்ப நாக்கைத் துருத்துவான், மூணாவது ரைடுல மூச்சு வாங்கும், இதெல்லாம். முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். வாத்தியார் நடுவுல ரெண்டு தடவ ஜெபசிங்கப் பாத்தாரு. அப்புறம் ஜெபசிங், "சார், கொஞ்சம் இப்படி வாங்க"ன்னு அவரைத் தனியாக் கூட்டிட்டுப் போனான்.

நான் தூரத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். ஜெபசிங் என்னையக் கையைக் காட்டி என்னவோ சொல்லுதான். வாத்தியார் வேண்டாம் வேண்டாம்னு தலைய ஆட்டுதாரு. அவன் அவரு கையைப் பிடிக்கான். அவரு கையை உருவிக்கிடுதாரு. திரும்பப் பிடிக்கான். ரயில் ஒண்ணு போச்சு. ரயில் போய் முடிச்சப்ப வாத்தியார் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்காரு.

ஜெபசிங் வந்து சொன்னான், "அண்ணாச்சி, முடிஞ்சுது. வேல்ராசு நமக்கு வாரான். ஆனா அவங்க இசக்கி வேண்டாங்காங்க."

"அப்ப யாரு வேணுமாம்?"

ஜெபசிங் தரையைப் பாத்தான். "உங்களைத்தான் கேக்காங்க."

நம்ம பேரு இத்தனை தூரம் பரவியிருக்கான்னு ஒரு பக்கம். ஏழு வருசமா இருந்த டீமை விட்டுட்டா போகன்னு ஒரு பக்கம். கண்ணு கலங்கிருச்சு. "ஜெபசிங், நான் இல்லாம நீங்க சமாளிப்பீங்களா?"ன்னு கேட்டேன்.

"கஷ்டப்பட்டுச் சமாளிச்சுக்கிடுதோம் அண்ணாச்சி"ன்னான்.

அதுலயும் ஒண்ணு கேளுங்க. என்னைய வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு எங்க டீம் ஒரு செட்டு புது பனியனையும் சோலையூரணிக்குக் குடுத்துச்சு. பொண்ணு அனுப்புற மாதிரி, சீரோட. அந்தப் பெருந்தன்மை வேற எவனுக்கு வரும்? தர்மக்கண் வெல்டிங் பட்டறையில உக்காந்துக்கிட்டு, "வேல்ராசோட பொண்டாட்டி ஊரே பனங்குறிச்சிதான, அவன் கார்த்திகையிலயே இங்க வீடு பிடிச்சுட்டானே, அவன் எப்படியும் வாரவன்தானவே"ன்னு ஒரு கதை சொல்லுதான். பொறாமை. அவனை யாரும் கேக்கல இல்லையா.

வழியனுப்பு விழா வச்சாங்க. மாலை, சரவெடி. இசக்கி ஆடினான் பாருங்க ஒரு ஆட்டம், பின்னால நடந்த அவன் கல்யாணத்துல கூட அப்படி ஆடல. கோப்பை ஜெயிச்ச அன்னைக்குக் கூட எங்க பயலுவ முகத்துல அப்படி ஒரு வெளிச்சம் நான் பாக்கல. துக்கத்தை மறைக்கதுக்கு மனுசன் எவ்வளவு பாடுபடுதான்னு நினைச்சுக்கிட்டேன். வீட்டுக்காரி செண்பகவல்லிகிட்ட சொன்னேன். அவ உளுந்து ஊறப் போட்டுக்கிட்டே, "ஞாயித்துக்கிழமை மட்டும்தானா, இல்ல தங்கிட்டு வருவீங்களா?"ன்னு கேட்டா. பிரிவைத் தாங்க மாட்டா, பாவம்.

சோலையூரணியில முதல் ரெண்டு வாரம் கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. நான் ஓரமா நின்னு சொல்லிக் குடுக்க, அவங்க மாறி மாறி அவுட்டு ஆனாங்க. புது ஆளு, என் பாஷை பிடிபடல. மூணாவது வாரம் சங்கிலி வாத்தியார் என்னையக் கூப்பிட்டு உக்கார வச்சு, ஒரு டீ வாங்கிக் குடுத்து, "நாயகம், உங்க இடம் இது இல்ல"ன்னாரு.

"வேற எது சார்?"

"நீங்க எதிர் டீம் பக்கம் போய் நிக்கணும். அவங்க ஆளு மாதிரி. நின்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். தப்புத் தப்பா சொல்லிக் குடுத்துக் குழப்பிவிடணும். உங்களை விட்டா இதுக்கு ஆள் இல்ல."

பாருங்க, என்ன மூளை! ஆனா எனக்கு ஒரு சிக்கல். கபடியில தப்பாச் சொல்ல என் நாக்கு வராது. பொய் சொல்லலாம், கபடியில பொய் சொல்லக் கூடாது. அதனால வாத்தியார்கிட்ட சரின்னு தலையாட்டிட்டு, எதிர் டீமுக்குச் சரியாவே சொல்லிக் குடுத்தேன். "வலது பக்கம் ஏறு! முழங்காலைப் பிடி! இப்ப விடு! விடாத!" நான் எதைச் சரின்னு நினைச்சேனோ அதை அப்படியே. ஒரு ஒளிவுமறைவு கிடையாது.

அப்படியும் அவங்க தோத்தாங்க தம்பி! அதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. மாசி, பங்குனி ரெண்டு மாசத்துல மூணு டோர்னமென்ட்டு. மூணுலயும் எதிர் டீமுக்கு நான் அருமையாச் சொல்லிக் குடுத்திருக்கேன். மூணு கோப்பையும் சோலையூரணிக்குத்தான். வாத்தியார் பயிற்சி அப்படி. நான் எதிர்ல நின்னு உயிரைக் குடுத்தும் அவங்களை அசைக்க முடியல. வாத்தியாருக்கு என் மேல ஒரே பிரியம். "நாயகம், உங்க உழைப்புதான்"னுவாரு. எனக்கு உள்ளுக்குள்ள குத்தும். மனுசன் நம்மள இவ்வளவு நம்புதாரு, நாம அவருக்கு எதிராச் சரியாச் சொல்லிக்கிட்டு இருக்கோமேன்னு.

இந்தச் சித்திரையில செமி ஃபைனல். யாருக்கும் யாருக்கும்? சோலையூரணிக்கும் பனங்குறிச்சிக்கும்.

வாத்தியார் தோளைத் தட்டி, "போங்க, உங்க பழைய டீம் பக்கம் நில்லுங்க"ன்னுட்டாரு.

போனேன். கால் நடக்குது, மனசு நடக்கல. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய? சரியாச் சொன்னா என் ஊர் ஜெயிச்சுரும், வாத்தியாருக்குத் துரோகம். தப்பாச் சொன்னா என் ஊர் தோத்துரும், நான் எந்த முகத்தோட கடையைத் திறக்க? ரெண்டுல எதைச் சொன்னாலும் பாவம். கோட்டுக்கு ஓரமாப் போய் நின்னேன். என்னையப் பாத்ததும் ஜெபசிங் நடுவர்கிட்ட ஓடி என்னவோ கெஞ்சினான். நடுவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பாத்துட்டுக் கையை விரிச்சாரு.

ஆட்டம் ஆரம்பிச்சுது. நான் வாயைத் திறக்கல.

கடைசி ரெண்டு நிமிசம், பாயின்ட்டு சமம். சோலையூரணிக்காரன் ஒருத்தன் பாடி வாரான். இசக்கி கார்னர்ல குனிஞ்சு நிக்கான். கால் கோட்டை ஒட்டி இருக்கு. போன வருசம் மாதிரியே. எனக்கு அடிவயித்துல இருந்து சத்தம் கிளம்பி வருது. வாயைத் திறந்துட்டேன். அந்த நேரத்துல இசக்கி என்னையப் பாத்தான். அவன் மட்டும் இல்ல, ஏழு பேரும் பாத்தாங்க. ரைடரை விட்டுட்டு என்னையப் பாக்கானுவ. முட்ட வார மாட்டைப் பாத்த சின்னப்பிள்ளைக மாதிரி, அப்படி ஒரு பயம் தம்பி. என்னையப் பாத்து. நான் வளத்த பயலுவ.

துண்டை எடுத்து வாயில திணிச்சுக்கிட்டேன்.

ஒரு நொடிதான். இசக்கி திரும்பினான், விழுந்தான், கணுக்காலைப் பிடிச்சான். முதலைப் பிடி. அதுக்கு அடுத்த ரைடு வேல்ராசு போய் ரெண்டு பேரைத் தட்டிட்டு வந்தான். பனங்குறிச்சி ஜெயிச்சிருச்சு.

கூட்டம் எல்லாம் உள்ள ஓடுது. நான் துண்டை எடுக்காம அப்படியே நின்னேன். இசக்கிதான் முதல்ல வந்தான், உடம்பெல்லாம் மண்ணு. "ஏன் அண்ணாச்சி சத்தமே குடுக்கல?"ன்னு கேட்டான்.

"தொண்டை கட்டிக்கிச்சுடா"ன்னேன்.

அவன் போய் ஒரு சுக்குக் காப்பி வாங்கிட்டு வந்தான். ஆடின களைப்போட, கூட்டத்துல முட்டி மோதி. ஏழு வருசத்துல அந்தப் பய எனக்கு வாங்கிக் குடுத்த முதல் காப்பி. தொண்டையில ஒரு கோளாறும் இல்ல. இருந்தாலும் ஊதி ஊதிக் குடிச்சேன்.

ஜெபசிங் வந்தான். "அண்ணாச்சி, திரும்ப நம்ம டீமுக்கே வந்துருங்க"ன்னான். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது. "ஆனா இன்னைக்கு நின்னீங்களே, அதே மாதிரி நின்னாப் போதும்"ன்னான். என் தொண்டை மேல அவனுக்கு அவ்வளவு அக்கறை.

அதுக்குத்தான் இப்ப வாத்தியாரைப் பாக்கப் போறேன். உண்மையைச் சொல்லிட்டு, அவங்க எனக்குத் தந்த பனியனைத் திருப்பிக் குடுத்துட்டு, விடுவிப்புக் கடிதம் வாங்கணும். போன்ல கடிதம் கேட்டதுக்கு மனுசன், "உங்கள விட முடியாது நாயகம், வேணும்னா அடுத்த வருசம் அவங்க பக்கமே நிரந்தரமா நில்லுங்க"ங்காரு. ரெண்டு ஊரும் விட மாட்டேங்குது. என்ன செய்ய.

ஒரு சீசன் முழுக்க வாயைத் திறக்காம நிக்கணும். முடியுமான்னு நேத்துச் சாயங்காலம் வீட்டுல பழகிப் பாத்தேன். டி.வி.யில கபடி ஓடுது, அதுவும் நெருக்கடியான ஆட்டம். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். பன்னெண்டு நிமிசம் ஒரு சத்தம் போடல. அடுக்களையில தாளிச்சுக்கிட்டு இருந்த செண்பகவல்லி கரண்டியோட ஓடியாந்து என் முகத்தைப் பாத்தா. நெத்தியில கையை வச்சா, கழுத்துல வச்சா. "என்னங்க, என்ன செய்யுது உங்களுக்கு?"ன்னு குரல் நடுங்கக் கேக்கா.

நான் பதில் சொல்லல. பாதி ஆட்டம் முடிய இன்னும் எட்டு நிமிசம் இருந்துச்சு.